ஒன்பது மணி வாணம் போதும்

மூன்று வருடங்களுக்கு முந்தைய டிசம்பர் 31. சிட்னி துறைமுகப் பாலத்தின் வடகரையில், மில்சன்ஸ் பாயின்ட் பக்கமாகக் காலை 11 மணிக்கே பாய் விரித்து இடம் பிடித்துவிட்டோம். நான், கணவர், அம்மா, மூன்று வயது மகன், யாழ்ப்பாணத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மச்சாள் குடும்பம் என்று ஒன்பது பேர். ரோல்ஸ், கட்லட், ஐஸ் போட்ட தண்ணீர், பிள்ளைக்கு மாற்றுடுப்பு எல்லாம் கொண்டு போயிருந்தோம். தலையை நிமிர்த்தினால் பாலத்தின் இரும்பு வளைவு. இதைவிடக் கிட்ட இடம் கிடைக்காது என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

பத்து மணித்தியாலம் வெயிலிலும் நெருக்கத்திலும் இருந்த பிள்ளைக்கு, இரவு 9 மணிக்கு முதல் வாணம் தலைக்கு மேலே வெடித்தது. அவன் அழவில்லை. என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தான். உடம்பு விறைத்துப்போய் இருந்தது. இரண்டாவது, மூன்றாவது வெடித்தபோது காதுக்குள் வந்து சொன்னான்: "அம்மா, நிப்பாட்டச் சொல்லுங்கோ."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆம்பிளைப் பிள்ளை எல்லே, பயப்படலாமோ? எல்லாரும் பார்க்கினம், வடிவா இருக்கு, பார்." அவனுடைய முகத்தைப் பிடித்து வானத்தின் பக்கம் திருப்பியும் விட்டேன். அந்தக் கையை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா என்னோடு பேசவில்லை. பேரனைத் தன் மடிக்கு இழுத்து, உள்ளங்கைகளால் அவன் காதுகளைப் பொத்தி, "வாயைத் திற ராசா. வாயைத் திறந்து வைச்சிரு" என்றார். சுற்றி இருந்தவர்களுக்கு அது விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்துப் போர்க்காலத்தில் பங்கருக்குள் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் அது. குண்டு விழும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக்கூடாது, வாய் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காதுச் சவ்வு கிழியும் என்று கழுத்தில் நூல் கட்டி ஒரு சிறிய தடியைத் தொங்கவிட்டிருப்பார்கள். சத்தம் கேட்டால் அதைக் கடிக்க வேண்டும். 1995க்குப் பிறகு அம்மா அதைச் சொல்லி நான் கேட்கவில்லை. உலகமே பார்க்கிற ஒரு கொண்டாட்டத்தின் நடுவே, மூன்று வயதுப் பேரனுக்கு அதைச் சொன்னார்.

வெளியே போகவும் முடியவில்லை. ஆட்களுக்கு மேல் ஆட்கள். முன்னே ஒரு அடி வைக்க இடமில்லை, தள்ளுவண்டியைத் திருப்ப வழியில்லை. அசைய முடியாத கூட்டம் என்றால் எனக்கு நாவற்குழிப் பாலம்தான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுக்க இடம்பெயர்ந்தபோது ஒன்பது வயதில் அந்த மழைக்குள் நின்றிருக்கிறேன். இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. இங்கே எங்களை யாரும் துரத்தவில்லை, நாங்களாகத்தான் போய் உட்கார்ந்தோம். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? சத்தம் வருகிறது, அம்மா போக விடமாட்டேன் என்கிறாள். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எட்டு ஒன்பது மாதங்கள் அவன் பலூனுக்குப் பயந்தான். பிறந்தநாள் வீடுகளுக்குப் போனால் வாசலிலேயே நிற்பான். கடைத்தொகுதிக் கழிப்பறைகளில் கை உலர்த்தும் இயந்திரம் இருக்கிறதே, அது திடீரென்று இரையும் என்பதால் உள்ளே வரமாட்டான். அடக்கிக்கொண்டு வீடு வரைக்கும் வருவான்.

நான் சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் பதினொரு வருடமாகச் சைல்ட்கேரில் வேலை செய்கிறேன். இரண்டு முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகள். ஜனவரியில் திறக்கும்போது பாதிப் பேராவது வாணக் கதையோடு வருவார்கள். சிலருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி, ஒரு கிழமை முழுக்கக் கறுப்புத் தாளில் மஞ்சளும் சிவப்புமாகக் கீறுவார்கள். சிலர் தூங்கும் நேரத்தில் கதவைச் சாத்தினாலே திடுக்கிட்டு எழுவார்கள். கொண்டுவந்து விடும் பெற்றோர் சிரித்துக்கொண்டு, "முழுக்க ஒரே அழுகை, போன காசுக்கு ஒன்றும் பார்க்கவில்லை" என்பார்கள். முன்பு நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் போர் நடந்த நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அந்தத் தாய்மார் சிலர் சிரிப்பதில்லை. எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேட்டால், "நாங்கள் வீட்டில்தான் இருந்தோம், யன்னலைச் சாத்திவிட்டு" என்பார்கள்.

"கொண்டுபோகக் கொண்டுபோகப் பழகிவிடும்" என்று நம் ஆட்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. என் அம்மாவுக்கு எழுபது வயது. எத்தனை ஆயிரம் வெடிச் சத்தம் கேட்டிருப்பார். பழகவில்லையே! சத்தத்துக்கு மனம் பழகுவதாக வைத்துக்கொண்டாலும் காது பழகாது. திடீரென எழும் சத்தம் பெரியவர்களுக்கு 140 டெசிபெல்லையும் பிள்ளைகளுக்கு 120 டெசிபெல்லையும் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பெரிய வாணம் கிட்டவாக வெடித்தால் இந்த இரண்டாவது எல்லையைச் சுலபமாகத் தாண்டும். காதின் உள்ளே சேதமாகும் நுண்ணிய மயிர்க்கலங்கள் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. தகப்பனின் தோளில் ஏறி, பெரியவர்களின் தலைகளுக்கு மேலே, எந்த மறைப்பும் இல்லாமல் இருக்கும் பிள்ளைதான் அந்தக் கூட்டத்திலேயே முழுச் சத்தத்தையும் வாங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவின் சிறுவயதில் பிள்ளைகள் வெடிக்குப் படிப்படியாகத்தான் அறிமுகமானார்கள். முதலில் மத்தாப்பு, அதுவும் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு சக்கரவாணம். பிறகு முற்றத்துக்கு அப்பால் கொளுத்துகிற சீனவெடி. ஈர்க்குவாணம் விடுவது இளந்தாரிகளின் வேலை. எனக்கு அந்தப் படிகள் கிடைக்கவில்லை. நான் வளர்ந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் நெருப்புப் பெட்டி கிடைப்பதே பெரும்பாடு. முதன்முதலில் வாணம் பார்த்தது 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு, ஊர்க் கோயில் திருவிழாவில். பதினாறு வயது. சனமெல்லாம் வீதியில் நின்று அண்ணாந்து பார்க்க, நான் ஓடிப்போய் மடப்பள்ளிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

சிட்னிப் பிள்ளைகளுக்கும் அந்தப் படிகள் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உரிமம் இல்லாதவர்கள் வெடி, வாணம் வாங்கிக் கொளுத்த முடியாது. நல்ல சட்டம், எத்தனையோ பிள்ளைகளின் கண்ணையும் விரலையும் காப்பாற்றியிருக்கும். ஆனால் அதனால் இங்கே ஒரு பிள்ளை வாழ்க்கையில் முதலில் பார்க்கும் வாணம் துறைமுகத்தில் 8, 9 தொன் அளவில் வானத்துக்கு ஏறுகிற வாணமாக இருக்கிறது. வாணக்காரர்களும் அதை 'ஷெல்' என்றுதான் சொல்கிறார்கள். மேலே அனுப்பும் குழாய்க்குப் பெயர் மோர்ட்டார். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், ஷெல் குத்துகிற, அதாவது ஏவுகிற, சத்தம் ஒன்று, வெடிக்கிற சத்தம் ஒன்று. இரண்டும் இதிலும் இருக்கின்றன.

இவ்வளவும் எழுதுவது பிள்ளைகளை வாணம் பார்க்கக் கூட்டிப்போகாதீர்கள் என்று சொல்வதற்காக இல்லை. கூட்டிப்போங்கள் என்றுதான் சொல்கிறேன். எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்தில் என்பதைப் பிள்ளையின் வயதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சிட்னியில் அதற்கு நல்ல வசதி இருக்கிறது. டிசம்பர் 31 இரவு இரண்டு காட்சிகள். ஒன்று 9 மணிக்கு, மற்றது நள்ளிரவில். கோடைகாலம் என்பதால் இரவு 8 மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும். இருட்டத் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் சிறுவர்களுக்கான காட்சி முடிந்துவிடும். நள்ளிரவுக் காட்சி 12 நிமிடம், இது அதைவிடச் சின்னது. தொலைக்காட்சிகள் உலகம் முழுக்கக் காட்டுவது நள்ளிரவுக் காட்சியைத்தான். அதனால் நம்மவர்களுக்கு 9 மணி வாணம் ஒரு ஒத்திகை மாதிரி. "மெயின் பன்னிரண்டுக்குத்தானே" என்று மூன்று வயதுப் பிள்ளையைத் தள்ளுவண்டியில் அரைத் தூக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னும் மூன்று மணித்தியாலம் காத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பிள்ளையை வெடிச் சத்தம் எழுப்புகிறது. இருட்டு, புகை, கூச்சல். எழும்பியவுடன் எங்கே இருக்கிறோம் என்றுகூட அதற்குத் தெரியாது.

ஊர் நிர்வாகங்களும் இந்தச் சின்னக் காட்சியைப் பெரிதாக மதிப்பதில்லை என்பது என் மனக்குறை. 2020இல் கொரோனாவால் கூட்டத்தைக் குறைக்க வேண்டி வந்தபோது 9 மணிக் காட்சிதான் நிறுத்தப்பட்டது. நள்ளிரவுக் காட்சி சுருக்கமாக நடந்தது. காரணம் எனக்கு விளங்குகிறது, உலகத் தொலைக்காட்சி நள்ளிரவுக்குத்தான் வரும். ஆனாலும் ஏதாவது ஒன்றை விட வேண்டும் என்றால் பிள்ளைகளின் பங்கைத்தான் விடுவது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வரிசையில் கடைசியாகக் கைவைக்க வேண்டியது அதில்தான். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கென்று வெளியேறும் பாதைக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளியை ஒதுக்கிவைக்கலாம். எந்தக் கரையில் சத்தம் குறைவு என்று அறிவிப்புகளில் சொல்லலாம். பாலம் தெரியுமா, கழிப்பறை இருக்கிறதா என்று ஒவ்வொரு இடத்துக்கும் விவரம் தருகிறவர்களுக்கு இதுவும் பெரிய வேலை இல்லை.

அந்த வருடத்துக்கு அடுத்த வருடம் நாங்கள் எங்கேயும் போகவில்லை. கடந்த வருடம் மகனுக்கு ஐந்து முடிந்திருந்தது, மகளுக்கு இரண்டு. நவம்பரிலேயே அவனிடம் கேட்டேன், "வாணம் பார்க்கப் போவோமோ?" என்று. யோசித்தான். "தூரத்திலயோ?" என்று கேட்டான். "நல்ல தூரத்தில" என்றேன். "சரி" என்றான்.

பியர்மொன்ட்டில் பிர்ரமா பூங்கா என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஓரம், புல்வெளி, பிள்ளைகள் தண்ணீரில் விளையாட இடம், கழிப்பறை. பாலம் இங்கிருந்து இரண்டரைக் கிலோமீற்றர் அளவில், கையகலத்துக்குத் தெரியும். படம் எடுக்க இது நல்ல இடமில்லை என்று பலர் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் எங்களுக்கு வேண்டியது அந்தத் தூரம்தான். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்கச் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைந்துகொண்டு போகும். 300 மீற்றரில் நிற்பதற்கும் 2,400 மீற்றரில் நிற்பதற்கும் மூன்று இரட்டிப்பு, 18 டெசிபெல். ஒரு காதுமூடி போடுவதற்குக் கிட்டத்தட்டச் சமம். அதற்கு மேல் காதுமூடியும் போட்டுவிட்டோம். தலைக்கு மேலே வளைந்து காதை முழுக்க மூடுகிறதே, அந்த வகை. சின்னப் பிள்ளைகளுக்குக் காதுக்குள் செருகும் பஞ்சு வேண்டாம், கழற்றி வாயில் போட்டுவிடுவார்கள். வீட்டிலேயே இரண்டு நாள் போட்டு விளையாடவிட்டுத்தான் கொண்டுபோனோம்.

பின்னேரம் 6 மணிக்குத்தான் போனோம். பிள்ளைகள் தண்ணீரில் நனைந்து விளையாடினார்கள். பொழுது சாயும் நேரத்தில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாக வானத்தைக் கடந்துபோயின. மகன் அவற்றை எண்ணத் தொடங்கி அறுபதுக்கு மேலே விட்டுவிட்டான்.

சரியாக 9 மணிக்குப் பாலத்தின் மேலே ஒரு சிவப்புப் பூ விரிந்தது. சத்தமே இல்லை. மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "எண்ணு" என்றேன். "ஒன்று, இரண்டு, மூன்று..." ஏழில் வந்து சேர்ந்தது, தூரத்தில் யாரோ கம்பளத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு 'தொம்'. அவன் முகத்தில் அச்சமில்லை. "வெளிச்சம் வேகமா வருது, சத்தம் நடந்து வருது" என்று தானே கண்டுபிடித்துச் சொன்னான். சத்தம் ஒரு நொடிக்கு 340 மீற்றர்தான் போகும், ஏழு நொடிக்கு எவ்வளவு என்று தகப்பன் மண்ணில் எழுதிக் கணக்குப் பார்த்துக் காட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெரிய வாணத்தையும் எண்ணினான். கொஞ்ச நேரத்தில் வாணங்கள் அடுக்கடுக்காக வர, எந்தச் சத்தம் எந்தப் பூவுக்குரியது என்று கலந்துபோய்விட்டது. விட்டுவிட்டுச் சும்மா பார்த்தான்.

எனக்கு வேறு ஒரு எண்ணிக்கை நினைவுக்கு வந்தது. பலாலி இராணுவ முகாம் பக்கம் குத்துகிற சத்தம் கேட்டவுடன் அப்பா எங்களை எண்ணச் சொல்வார். எண்ணி முடிப்பதற்குள் பங்கருக்குள் இருக்க வேண்டும். நான் எண்ணியது ஓடுவதற்கு. என் மகன் ஈரக் காற்சட்டையோடு புல்லில் படுத்துக்கொண்டு, அடுத்த பூ எப்போது பேசும் என்று பார்க்க எண்ணினான். அம்மா அவனுக்குப் பக்கத்தில் இருந்தார். அவருடைய கை அவன் தலையில்தான் இருந்தது, காதில் இல்லை.

மகள் முதல் இரண்டு வாணத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பாயில் யாரோ விட்டுச்சென்ற நீல மூடி ஒன்றைக் கண்டுபிடித்து அதோடு இருந்துவிட்டாள். அவளை யாரும் வானத்தின் பக்கம் திருப்பவில்லை.

9 மணிக் காட்சி முடிந்த கையோடு, விளக்குச் சரம் கட்டிய படகுகள் துறைமுகத்தில் வரிசையாகப் போகும். சத்தமில்லாத ஊர்வலம். கிட்டப்போய் இடம் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிடுவார்கள். எங்கள் மகன் இந்த ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் படகுகளைப் பற்றித்தான்.

இங்கே வாழும் தமிழர்களுக்கு டிசம்பர் என்றால் விருந்தாளிகள். ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருவார்கள். சிட்னி வாணத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களை மறுக்கவும் முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே பாயில் இருந்து பார்க்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? விருந்தாளிகளோடு ஒருவர் நள்ளிரவுக்குப் போகட்டும். இன்னொருவர் பிள்ளைகளோடு 9 மணிக்குப் போய்த் திரும்பட்டும். துறைமுகம் வரைக்கும் வர முடியாதவர்கள் தங்கள் கவுன்சில் என்ன செய்கிறது என்று பாருங்கள். சில புறநகர்களில் இரவு 9 மணிக்கே முடிகிற மாதிரிச் சின்ன வாணவேடிக்கை நடத்துகிறார்கள். பூங்காவின் மறுமுனையில் காரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்துவைத்துப் பார்க்கலாம். போதும் என்று பிள்ளை சொன்னால் கதவைச் சாத்திவிடலாம்.

பிள்ளையின் முன்கையில் உங்கள் தொலைபேசி இலக்கத்தைப் பேனாவால் எழுதிவிடுங்கள். வெளியேறும் பாதை முதுகுக்குப் பின்னே இருக்கும்படி உட்காருங்கள். தொடங்குவதற்கு முன்பே, "உனக்குப் பிடிக்காட்டி உடன வெளிக்கிடுவம்" என்று சொல்லிவையுங்கள். வெளிக்கிடுவோம் என்று பிள்ளை சொன்னால் அந்தப் படத்தையும் காணொளியையும் விட்டுவிட்டு எழும்புங்கள். பிள்ளையின் அந்த ஒரு வார்த்தையைக் கேட்காதவளாக ஒரு தடவை இருந்திருக்கிறேன் என்பதால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இந்த வருடமும் பிர்ரமா பூங்காவுக்குத்தான். 9.30க்கு வீடு திரும்ப நடக்கத் தொடங்குவோம்.